ஒரு வாளி டெட்டால் தண்ணீரும் ஒரு வாழைக்குழியும்

கம்பத்திலிருந்து விடியற்காலையில் கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய்வருகிறவர்களிடம் வெட்டுத்தழும்பு இல்லாத கையைக் காண்பது அரிது. அப்படி வேலைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணொருவர், விரலில் பட்ட அரிவாள் வெட்டை டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவிவிட்டு, மிச்சத் தண்ணீரைக் கொல்லை வாழைக்கு ஊற்றலாமா என்று என்னிடம் கேட்டார். வேளாண் அலுவலர் கூட்டம் போட்டு மண்ணில் நுண்ணுயிர்கள் பெருக வேண்டும் என்கிறார். செவிலியரோ காயத்தில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது என்கிறார். இரண்டும் ஒரே சாதிதானே, பின் எதை நம்புவது என்பதுதான் அந்தக் கேள்வியின் உட்கிடை. அது எளிய கேள்வி போலத் தோன்றினாலும், மருத்துவத்தையும் மண்ணையும் சேர்த்துப் பார்க்காமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

‘கிருமி’ என்ற ஒரே சொல்

குழப்பத்தின் முதல் காரணம் சொல்லிலேயே இருக்கிறது. வைணவக் கதைகளில் வரும் ‘கிருமிகண்ட சோழன்’ கழுத்துப் புண்ணில் புழு வைத்தவன். அங்கே கிருமி என்பது கண்ணால் காணத்தக்க புழு. நுண்ணோக்கி வந்தபின் அதே சொல், கண்ணுக்குத் தெரியாத உயிர்களில் நோய் தருபவற்றைக் குறிக்கத் தொடங்கியது. இன்று விளம்பரங்களின் புண்ணியத்தில், கண்ணுக்குத் தெரியாத எல்லா உயிரும் கிருமி, கிருமி எல்லாம் கொல்லப்பட வேண்டியது என்றாகிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அனைத்தையும் நுண்ணுயிர்கள் என்றும், அவற்றில் ஒற்றைச் செல்லால் ஆன ஒரு பெரும் பிரிவைப் பாக்டீரியா என்றும், நோய் உண்டாக்கும் சிலவற்றை மட்டும் கிருமி என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். ஒரு சிட்டிகை தோட்டமண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. நம் தோலின் மேலும் அவை ஏராளமாகக் குடியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. தோல் என்ற வேலி அறுந்து, வேலிக்கு வெளியே இருந்தவை உள்ளே புகுந்து, உடலின் காவலை மீறிப் பெருகும்போதுதான் தொற்று என்ற நிலை வருகிறது. ஆகவே ஒரு காயத்தில் பாக்டீரியா இருப்பதும் அந்தக் காயத்தில் தொற்று ஏற்பட்டிருப்பதும் ஒன்றல்ல. ஆறிவரும் காயத்திலும் பாக்டீரியா இருக்கும்.

காயத்தில் ஊற்றும் மருந்து யாரைக் கொல்கிறது?

புண் உள்ளுக்குள் அரித்துக்கொண்டு போவதைப் புரையோடுதல் என்போம். அதைத் தடுப்பதற்காக உயிருள்ள உடலின் மேல் பூசத்தக்க மருந்துக்குப் பள்ளிப் பாடநூல்கள் புரைத்தடுப்பான் என்று பெயரிட்டிருக்கின்றன. மருந்துக் கடையில் நாம் ஆன்டிசெப்டிக் என்று கேட்டு வாங்குவது அதைத்தான். ஃபீனைல், பிளீச்சிங் பவுடர் போன்றவை தரைக்கும் சாக்கடைக்கும் உரிய தொற்றுநீக்கிகள். அவற்றை உடலில் பயன்படுத்தக் கூடாது. பாக்டீரியாவின் உடலமைப்பில் மட்டும் உள்ள ஏதோ ஒன்றைக் குறிவைத்து, மாத்திரையாகவோ ஊசியாகவோ களிம்பாகவோ தரப்படும் ஆன்டிபயாட்டிக் இவை இரண்டிலிருந்தும் வேறானது.

இந்த வேறுபாட்டை வயலில் பார்க்கலாம். நெல்லை விட்டுவிட்டுக் குறிப்பிட்ட களைகளை மட்டும் அழிக்கும் களைக்கொல்லிகள் உண்டு. பட்ட பச்சையையெல்லாம் கருக்கிவிடும் களைக்கொல்லிகளும் உண்டு. ஆன்டிபயாட்டிக் முதல் வகை, புரைத்தடுப்பான் இரண்டாம் வகை. அயோடின் பாக்டீரியாவின் புரதங்களோடு வினைபுரிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது; குளோர்ஹெக்சிடின் பாக்டீரியாவின் மெல்லிய உறையைக் கிழித்து உள்ளிருப்பதை ஒழுகவிடுகிறது; டெட்டாலில் உள்ள குளோரோசைலினாலும் உறையைத்தான் சிதைக்கிறது. புரதமும் உறையும் நம் செல்களுக்கும் உண்டு. காயத்தின் விளிம்பிலிருந்து புதுத்தோலாக ஊர்ந்துவரும் செல்களும், பள்ளத்தை நிரப்பப் புதுச்சதை நெய்யும் செல்களும், கிருமிகளை விழுங்க வந்து சேரும் வெள்ளணுக்களும் அந்த மருந்தின் வழியில்தான் நிற்கின்றன. மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. எவ்வளவு செறிவு, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதை வைத்து நாம்தான் அதற்கு எல்லை வகுக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட விஷயமும் அல்ல. 1865இல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், எலும்பு முறிந்து வெளியே தெரிந்த காயங்களுக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டத் தொடங்கியபோது, அதுவரை கால்களையும் உயிர்களையும் பறித்துவந்த சீழ்நோய் பெருமளவு குறைந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து முதல் உலகப் போரின்போது பிரான்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், ஆழமான குண்டுக்காயங்களில் அதே வழி ஏன் தோற்கிறது என்று ஆராய்ந்தார். ஒரு கண்ணாடிக் குழாயின் அடியை உருக்கி முள்முள்ளாக இழுத்து, குண்டுக்காயத்தின் சந்துபொந்துகளைப் போலாக்கி, கிருமி கலந்த நீர்மத்தை அதில் நிரப்பிக் கொட்டினார். பிறகு புரைத்தடுப்பானை நிரப்பிக் கொட்டினார். மறுபடி தூய நீர்மத்தை ஊற்றிவைத்தபோது கிருமிகள் திரும்பவும் வளர்ந்தன. மருந்து முள்களின் நுனிவரை போய்ச் சேரவில்லை. உண்மைக் காயத்தில் இன்னொரு கேடும் உண்டு என்பதை அவர் காட்டினார்: ஒளிந்திருக்கும் கிருமிகளை எட்டாத மருந்து, அவற்றோடு போராடும் வெள்ளணுக்களை மட்டும் தவறாமல் எட்டிக் கொல்கிறது.

அடுத்து, ரத்தம், சீழ், மண் ஆகியவை. தோட்டத்தில் வாரக்கூலி வாங்கியவரை வீடு போகும் வழியிலேயே கடன்காரர்கள் மறித்துக்கொண்டால் வீட்டுக்கு எதுவும் மிஞ்சாதல்லவா? அயோடினுக்கும் குளோரினுக்கும் அதுவே நேர்கிறது. அழுக்கிலும் சீழிலும் உள்ள புரதத்தோடு வினைபுரிந்தே அவை தீர்ந்துபோகின்றன. அயோடின் மருந்தின் செம்பழுப்பு நிறம் காயத்தின் மேல் வெளுத்துப்போவது அது செலவாகிவிட்டதற்கு அறிகுறி. இதனால்தான் எந்த மருந்துக்கும் முன்னால் கழுவுதல் வருகிறது. குடிக்கத்தக்க தூய நீரைக் குழாயைத் திறந்துவிட்டுச் சில நிமிடங்கள் காயத்தின் மேல் ஓடவிடுவது, சாதாரணக் காயங்களுக்கு மருத்துவமனை உப்புநீரால் கழுவுவதற்குக் குறைந்ததன்று. என்னைக் கேட்டால், வீட்டு முதலுதவியில் முக்கால் பங்கு அந்தக் குழாய்த் தண்ணீர்தான் என்பேன். ஆனால் பாட்டிலைத் திறப்பதில் உள்ள நிறைவு குழாயைத் திறப்பதில் யாருக்கும் கிடைப்பதில்லை.

பரவலாகக் கேட்கும் வேறு சில நம்பிக்கைகளையும் பார்த்துவிடலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்கி நுரைத்தால் கிருமி சாகிறது என்று பொருளல்ல. நம் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பதால் வரும் நுரை அது, கிருமியே இல்லாத ரத்தத்திலும் வரும். எரிச்சலும் வேலை செய்வதற்கு அடையாளமல்ல. ஸ்பிரிட் எரிவது நம் நரம்பு முனைகளைத் தொடுவதால்தான், அது ஊசி போடுவதற்கு முன் முழுத்தோலைத் துடைக்க ஏற்றதே தவிர திறந்த காயத்துக்கு ஏற்றதல்ல. அந்த ஸ்பிரிட்டும் எழுபது சதவீத அளவில்தான் நன்றாக வேலை செய்கிறது, ஏனெனில் புரதத்தைக் குலைக்க அதற்குச் சிறிது தண்ணீரும் தேவை. மலைப்பக்கத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்ற செடியையும், கீழே பள்ளத்தாக்கில் வெட்டுக்காயப் பூண்டையும் கசக்கிச் சாறு பிழிகிறார்கள். ரத்தக்கசிவை நிறுத்த அவை உதவலாம். ஆனால் கழுவாத இலையோடும் கையோடும் மண் காயத்துக்குள் போகிறது. காப்பித்தூளுக்கும் இதே தடைதான்.

மண்ணோடு சேர்ந்து வரும் ஒன்றைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ரணஜன்னி (டெட்டனஸ்) உண்டாக்கும் பாக்டீரியா மண்ணிலும் சாணத்திலும் வித்து நிலையில் கிடக்கிறது. வித்து என்பது கடினமான உறைக்குள் உயிர் அடங்கிக் கிடக்கும் நிலை. காயத்துக்குப் பூசும் மருந்துகளை நம்பி அந்த வித்துகளை விட்டுவிட முடியாது. ஆக்சிஜன் எட்டாத ஆழமான குத்துக்காயத்தில் அவை விழித்துக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். ஆணியோ முள்ளோ ஆழமாகக் குத்தினாலும், மண் அப்பிய வெட்டுப் பட்டாலும், எத்தனை மருந்து ஊற்றியிருந்தாலும் சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி தேவையா என்று கேட்டுவிட வேண்டும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு படர்ந்தாலும், வீக்கமோ காய்ச்சலோ சீழோ வந்தாலும் வீட்டு மருந்தோடு காத்திருக்கக் கூடாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: புரைத்தடுப்பான் உயிருள்ள செல் எதையும் தாக்கும், அழுக்கு அதைத் தின்றுவிடும், ஆழத்துக்கு அது போகாது. எனவே முதலில் தண்ணீர், பிறகு மேலோட்டமாக, பாட்டிலில் சொன்ன அளவில், சில நாட்களுக்கு மட்டும் மருந்து.

யூரியா செடிக்குள் போகும் வழி

இனி வாழைக்குழிக்கு வருவோம். கடையில் வாங்கும் யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் உண்டு. உழவர் வழக்கில் அது தழைச்சத்து. மேலுரமாக வீசிய யூரியாவை மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி சில நாட்களுக்குள் அம்மோனியமாக மாற்றிவிடுகிறது. சாணமும் இலைதழையும் மக்கும்போது வெளிவரும் தழைச்சத்தும் முதலில் அம்மோனிய வடிவில்தான் வருகிறது. மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி அதன் உறவுக்காரன்.

அம்மோனியத்துக்கு நேர்மின்சுமை, களிமண்ணுக்கும் மக்கிய கரிமப்பொருளுக்கும் எதிர்மின்சுமை. ஆகையால் அது மண்துகளோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், எளிதில் ஓடாது. காற்றோட்டமுள்ள மண்ணில் இரண்டு பாக்டீரியாக் கூட்டங்கள் அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. நைட்ரோசோமோனாஸ் முதலானவை அம்மோனியத்தை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட் ஆக்குகின்றன. நைட்ரோபேக்டர், நைட்ரோஸ்பைரா முதலானவை அந்த நைட்ரைட்டை, வேர் உறிஞ்சிக்கொள்ளும் நைட்ரேட் ஆக்குகின்றன. இந்த இரண்டு படிகளையும் சேர்த்து நைட்ரேட்டாதல் என்பார்கள். நெல்லை முதலில் உமி நீக்கி, பிறகு தவிடு நீக்கித் தீட்டுவது போன்ற இரண்டு கட்ட வேலை இது. முதல் கட்டத்துச் சரக்கு இடையில் தேங்கினால் கேடு, ஏனெனில் நைட்ரைட் செடிக்கு நஞ்சு; நல்ல மண்ணில் இரண்டாம் கூட்டம் அதைத் தேங்கவிடுவதில்லை.

இந்தப் பாக்டீரியாக்கள் செடிக்காக இதைச் செய்வதில்லை; வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கின்றன. நமக்குச் சோறு எப்படியோ அப்படி அவற்றுக்கு அம்மோனியம். ஆனால் சோற்றைப் போலச் சத்தான உணவல்ல அது. கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அந்தச் சொற்பக் கூலியைக் கொண்டே காற்றில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்துத் தங்கள் உடலையும் கட்டிக்கொள்ள வேண்டியிருப்பதால், அவை மிக மெதுவாகவே பெருகுகின்றன. நம் குடலில் வாழும் ஈ.கோலை நல்ல உணவு கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகும். நைட்ரோசோமோனாசுக்கு நல்ல சூழலிலேயே பல மணி நேரம், மண்ணில் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இந்த மெதுத்தன்மையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், வாளிக் கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருக்கிறது.

குளோரோஃபார்ம் சொன்ன சாட்சி

நைட்ரேட்டாதல் உயிர்களின் வேலை என்பதே 1877 வரை உறுதியாகத் தெரியாது. பழைய தொழுவத்து மண்ணில் வெள்ளையாகப் பூத்து நின்ற பொட்டிலுப்பைச் சுரண்டி வெடிமருந்துக்கு விற்றவர்களுக்கு அது எங்கே விளையும் என்பது தெரிந்திருந்தது. யார் விளைவிக்கிறார்கள் என்பது தெரியவில்லை. காற்றும் சுண்ணாம்பும் சேர்ந்து நடத்தும் வேதிவினை என்றுதான் பலரும் எண்ணினார்கள்.

பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல இறங்கவிட்டார்கள். ஏறத்தாழ இருபது நாட்கள் உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு திடீரென்று நைட்ரேட் வரத் தொடங்கியது. வெறும் வேதிவினையாக இருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டுமே, இருபது நாள் எதற்கு? உயிர்கள் குடியேறிப் பெருகுவதற்கான கால அவகாசம் அது. ஐயத்தைத் தீர்க்க அவர்கள் குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். நைட்ரேட் நின்றது. ஆவியை வெளியேற்றிய பிறகும் அது திரும்பவில்லை. சிறிது தோட்டமண்ணைக் கரைத்து ஊற்றிய பின்னரே மறுபடியும் தொடங்கியது. நுண்ணுயிரைக் கொல்லும் பொருள் ஒன்றுதான் மண்ணில் நுண்ணுயிர் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி சொன்னது. லிஸ்டரின் காயக்கட்டிலிருந்து இது பன்னிரண்டே ஆண்டு தூரம். 1890இல் ரஷ்யரான செர்கே வினோகிராட்ஸ்கி, கரிம உணவே இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் இந்தப் பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்து, அவை கனிமத்தை உண்டு வாழ்பவை என்று நிறுவினார்.

நல்லவை என்று சொல்லிவிடலாமா?

மண்ணில் இருப்பதெல்லாம் நன்மை செய்யும் என்ற எதிர்ப்பக்கத்து நம்பிக்கையையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்சுமை, எதிர்மின்சுமை கொண்ட களிமண் அதைப் பிடித்துவைப்பதில்லை. வாழைத் தோட்டத்தில் வேர் அதை உடனே உறிஞ்சிக்கொண்டால் நன்மை. பெருமழையோ அதிகப்படியான பாசனமோ வந்தால் அது கிணற்று நீருக்குள் இறங்கிவிடும்.

முல்லைப் பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. தண்ணீர் கட்டிய நெல்வயலில் சேற்றின் மேல்தோல் மட்டும்தான் ஆக்சிஜன் பெறுகிறது. அந்த மெல்லிய அடுக்கில் உருவாகும் நைட்ரேட், கீழே ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் இறங்கியவுடன், அங்குள்ள வேறு பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தி நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. போட்ட உரத்தில் ஒரு பங்கு குமிழாகப் போய்விடும். நெற்பயிருக்கு அம்மோனியமே போதுமாகையால், வயலில் நைட்ரேட்டாதல் மெதுவாக நடப்பதுதான் உழவருக்கு லாபம். அதனால்தான் யூரியா, ஜிப்சம், வேப்பம்பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற அளவில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து வீசச் சொல்கிறார்கள். வேம்பிலுள்ள பொருட்கள் நைட்ரோசோமோனாசின் வேகத்தைக் குறைக்கின்றன. 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று அரசு விதித்ததற்கும் இது ஒரு காரணம். அம்மை கண்ட வீட்டு வாசலில் இலையைச் செருகும் அதே வேப்பமரத்தின் விதையெண்ணெய், யூரியா மூட்டையில் நுண்ணுயிரை அடக்கும் பணியை அளவோடு செய்கிறது.

மலைமேல் நிலைமை வேறு. ஏலத்தோட்டத்துக் காட்டுமண் அமிலத்தன்மை கொண்டது; அமிலம் கூடக்கூட நைட்ரேட்டாதல் தளர்கிறது. அதோடு, நைட்ரேட்டாதலே அமிலத்தை உண்டாக்கும் வினை என்பதால், யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் தொடர்ந்து போடப்படும் மண் மேலும் புளித்துப்போகிறது. சுண்ணாம்பு இடச் சொல்வது இதைச் சரிக்கட்டத்தான்.

சுருங்கச் சொன்னால், அதே பாக்டீரியா வாழைக்குச் சமையல்காரனாகவும் நெல்வயலில் கைநழுவவிடுபவனாகவும் இருக்கிறது. காயத்தில் உள்ள பாக்டீரியாவைப் போலவே இதையும் இடம், அளவு, நேரம் பார்த்துத்தான் மதிப்பிட முடியும்.

வாளிக்கு வருவோம்

மருந்து உயிர்களைப் பார்த்துத் தாக்குவதில்லை. நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களோ நச்சுப் பொருட்களுக்கு எளிதில் ஆட்படுபவை, இழந்த எண்ணிக்கையைத் திரும்பப் பெற நாளாகும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஊற்றவே கூடாது என்று தோன்றும். ஆனால் சீழில் அயோடின் செலவாகிவிடுவதுபோல, மண்ணின் கரிமப்பொருளிலும் களிமண்ணிலும் இத்தகைய மருந்துகள் ஒட்டிக்கொண்டும் சிதைந்தும் வலுவிழக்கின்றன. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலந்த டெட்டால், மக்கிய குப்பை நிறைந்த வாழைக்குழியில் எப்போதாவது விழுவதால் மண் கெட்டுவிடாது. மேற்பரப்பில் சில பாக்டீரியாக்கள் சாகும். கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் மற்றவை வந்து நிரப்பும். தாராளமாக ஊற்றலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

நாள்தோறும் ஒரே இடத்தில் ஃபீனைலும் பிளீச்சிங் பவுடர் கரைசலும் கொட்டுவது அப்படியல்ல. அங்கே மண் மூச்சு வாங்க இடைவெளியே கிடைப்பதில்லை.

அவர் விடவில்லை. தோட்டத்து நாற்றங்காலில் ஃபார்மலின் ஊற்றி மண்ணையே மூடிவைத்த காலமும் உண்டே, அதில் விதைத்த ஏலம் முளைக்கவில்லையா என்று கேட்டார். முளைத்தது. நாற்றழுகல் வராமலிருக்க அப்படிச் செய்தார்கள், வாடை முழுவதும் போன பிறகே விதைத்தார்கள். ஆனால் அத்தகைய மண்ணில் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியம் தேங்கும். மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் விரைவில் திரும்பிவிடும், நைட்ரேட்டாக்கும் கூட்டம் மெதுவாகத்தான் வந்து சேரும். இடைப்பட்ட நாட்களில் யூரியாவை அள்ளிப் போட்டால் இளநாற்றின் வேர் கருகும். அந்தக் காலத்து மேஸ்திரி புதுப்பாத்திக்குச் சீக்கிரம் உரம் வைக்கவிடமாட்டார், பக்கத்துக் காட்டிலிருந்து இரண்டு கூடை மேல்மண் கொண்டுவந்து தூவச் சொல்வார் என்று அந்தப் பெண்ணே நினைவுகூர்ந்தார். ஷ்லோசிங்கும் முன்ட்சும் குழாயில் தோட்டமண்ணைக் கரைத்து ஊற்றிச் செய்ததும் அதைத்தான்.